லெஃப்ட் அவுட் பலராம்... ஒரு ஃபிளாஷ்பேக்!

சின்னதா ஒரு க்விஸ். செல்போனைக் கவுத்து வெச்சிட்டுத்தான் பதில் சொல்லணும், ஓகேவா?

மெஸ்ஸி பொறந்த ஊர்? ‘ரொசாரியோ!’ அட, சூப்பர். ரொனால்டோ? ‘மடெய்ரா தீவு!’ பின்றீங்க பாஸ். சரி... ஆசிய விளையாட்டுப் போட்டி ஃபுட்பால்ல இந்தியா கடைசியா தங்கம் ஜெயிச்சது எந்த வருஷம்? அந்த டீம்ல லெஃப்ட் அவுட் ஆடினது யாரு? அவரோட தாய்மொழி என்ன?

என்ன... சத்தத்தையே காணோம்?

வெக்கப்படாதீங்க. எங்க ஹாஸ்டல்ல மூணு ஃப்ளோர் ஏறி இறங்கி இதே கேள்வியைக் கேட்டேன். ஒரு மகாராசன் ‘பைச்சுங் பூட்டியா’ன்னான். இன்னொருத்தன், ‘இந்தியா ஃபுட்பால் எல்லாம் ஆடுமா மச்சி?’ன்னு என்னையே திருப்பிக் கேட்டான். நாலு மாசத்துக்கு முன்னாடி என்கிட்ட கேட்டிருந்தா நானும் முழிச்சிருப்பேன். இத்தனைக்கும் நான் காலேஜ் டீம்ல லெஃப்ட் விங். அதாவது, அந்தக் காலத்து லெஃப்ட் அவுட்!

பதில்: 1962, ஜகார்த்தா. லெஃப்ட் அவுட் ஆடினவர் துளசிதாஸ் பலராம். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை.

எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, 2024-ல வந்த ‘மைதான்’ இந்திப் படம். அஜய் தேவ்கன், கோச் ரஹீமா நடிச்சிருப்பாரே, அதேதான். ரூம்மேட் லேப்டாப்ல பாதி தூக்கத்துல பார்த்துட்டு இருந்தேன். படத்துல மூணு ஃபார்வர்டுகள் சுத்திச் சுத்தி வருவாங்க. பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம். முதல் ரெண்டு பேர் கல்கத்தாவோட செல்லப் பிள்ளைகள். மூணாவது ஆள் யாருடான்னு மனசுக்குள்ள ஒரு பொறி.

அடுத்த லீவுக்கு அவிநாசி பக்கம் அப்புச்சி வீட்டுக்குப் போனப்போ, பேச்சுவாக்குல பேரைச் சொன்னேன். எண்பதைத் தாண்டின மனுசன், வெத்தலையை மென்னுட்டு இருந்தவர் சட்டுனு நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘‘பலராமா? ஐதராபாத்துப் பையனல்ல அவன்! நம்ம பாஷைக்காரப் பையன் கண்ணு. பேப்பர்ல போட்டோ வந்தா டீக்கடையில நாங்க சண்டை போட்டுப் படிப்போம்!’’

எங்க அப்புச்சி ஒரு மில்லு டீம்ல ஃபுட்பால் ஆடினவர்ங்கிற மேட்டரே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். இருபது வருஷமா அவர் கையால கடலை மிட்டாய் வாங்கித் தின்னிருக்கேன், ஒரு வார்த்தை கேட்டதில்லை பாருங்க. அவர் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல பலராம்.

போலீஸ் பூட்ஸ்... வாடகை சைக்கிள்!

1936-ல செகந்திராபாத் பக்கத்துல அம்முகுடாங்கிற கிராமத்துல பொறந்தவர். அம்மா முத்தம்மா, அப்பா காளிதாஸ். ‘செகந்திராபாத்துல எப்படிய்யா தமிழ்க் குடும்பம்?’னு தோணும். அது பிரிட்டிஷ் காலத்து கன்டோன்மென்ட் ஊர். மெட்ராஸ் ராணுவம் அங்கே தங்கினப்போ, சிப்பாய்கள் பின்னாடியே சமையல்காரர், சலவைக்காரர், தச்சர், குமாஸ்தான்னு ஏகப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் போய் அப்படியே தங்கிட்டாங்க. பட்டாளம் இருக்கிற இடத்துல ஃபுட்பால் இல்லாம இருக்குமா? மைதானத்து ஓரமா நின்னு வேடிக்கை பார்த்த பசங்கதான் பின்னாடி இந்தியாவுக்கே ஆடினாங்க.

வீட்ல வசதி கிடையாது. பூட்ஸ் வாங்கக் காசு இல்லை. போலீஸ்காரங்க போட்டுத் தேய்ஞ்சு தூக்கிப் போட்ட பழைய பூட்ஸை, செருப்புத் தைக்கிறவர்கிட்ட கொடுத்து ஃபுட்பால் பூட்ஸா மாத்தி வாங்கினார் பலராம். அதுக்கு ஆன கூலி ரெண்டு ரூபாய். அந்த ரெண்டு ரூபாய்க்கு அம்மாகிட்ட கெஞ்சோ கெஞ்சுன்னு கெஞ்சியிருக்கார். நாம ஆன்லைன்ல ஸ்டட் கலர் பிடிக்கலைன்னு ரிட்டர்ன் போடுறோம்!

பூட்ஸ் அப்போ லேசுப்பட்ட விஷயமும் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம ஆட்கள் நிறையப் பேர் வெறுங்கால்லதான் பிரான்ஸை எதிர்த்து ஆடினாங்க. ரெண்டு பெனால்ட்டியைக் கோட்டை விட்டும் 2-1 வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க. சுதந்திர இந்தியாவோட முதல் ஒலிம்பிக் கோலை அடிச்ச சாரங்கபாணி ராமன் அந்த மேட்ச்லதான் ஆடினார். ஆனா, 1952 ஹெல்சிங்கி குளிர்ல யூகோஸ்லாவியா 10-1னு உரிச்சு எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் ‘இனி எல்லாரும் பூட்ஸ் போட்டே ஆகணும்’னு சட்டமே வந்துச்சு. பலராம் தலையெடுத்தது கரெக்டா அந்தத் திருப்பத்துல. பூட்ஸ் இல்லேன்னா சான்ஸும் இல்லை.

சான்ஸ் கொடுத்தவர் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து கோச் ஆனவர். அவர் தயார் பண்ணின ஹைதராபாத் சிட்டி போலீஸ் டீம் 1950-லேர்ந்து 1954 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு வருஷம் ரோவர்ஸ் கப்பைத் தூக்கிச்சு. லோக்கல் மேட்ச் ஒண்ணுல பலராமைப் பார்த்துட்டு ‘பிராக்டீஸுக்கு வா’ன்னார். பையன் தயங்கி நின்னான். கிராமத்துலேர்ந்து ஹைதராபாத் வந்துபோகக் காசு இல்லை. விஷயம் தெரிஞ்சதும் சைக்கிள் வாடகைக்கு ரஹீமே ஏற்பாடு பண்ணினார்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு வாடகை சைக்கிள்ல மிதிச்சு மிதிச்சு போய்ச் சேர்ந்த இடம் மெல்போர்ன் ஒலிம்பிக்!

இருபது வயசு!

1956 மெல்போர்ன். பலராமுக்கு வயசு 20. எனக்கும் இப்போ 20. அவருக்கு நீல ஜெர்ஸி, எனக்கு ரெண்டு அரியர். சரி, சரி... ஒப்பிட வேண்டாம்.

அந்த ஒலிம்பிக்ல இந்தியா ஆஸ்திரேலியாவை அவங்க ஊர்லயே 4-2னு ஜெயிச்சு செமி ஃபைனலுக்குப் போச்சு. ஒலிம்பிக் ஃபுட்பால் செமி ஃபைனலுக்குப் போன முதல் ஆசிய டீம் நாமதான். நெவில் டிசோஸா ஹாட்ரிக். நாலாவது கோல் அடிச்சவர் ஜே.கிருஷ்ணசாமி. செல்லப் பேரு கிட்டு. (எங்க தெருவுல இஸ்திரி போடுற அண்ணன் பேரும் கிட்டுதான். இனிமே அவரைப் பார்க்குறப்போ எல்லாம் எனக்கு மெல்போர்ன் ஞாபகம்தான் வரும்.) செமி ஃபைனல்ல யூகோஸ்லாவியா 4-1, வெண்கலத்துக்கான மேட்ச்ல பல்கேரியா 3-0. நாலாவது இடத்தோட திரும்பினாங்க. இன்னைக்கு வரைக்கும் இந்திய ஃபுட்பால் அதைத் தாண்டி ஒரு படி ஏறலை.

ஊர் திரும்பின கையோட, 1957-ல ஈஸ்ட் பெங்கால் கிளப் பலராமைக் கல்கத்தாவுக்குக் கூட்டிட்டுப் போச்சு. நம்ம ஊர்ல ரஜினி-கமல் மாதிரி அங்கே மோகன் பகான்-ஈஸ்ட் பெங்கால். அதுலயும் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள்ல பெரும்பாலானவங்க 1947 பிரிவினையில வீடு வாசலை விட்டுட்டு அகதிகளா ஓடி வந்தவங்க. அவங்களுக்கு மிச்சமிருந்த சொந்த ஊர் அந்த சிவப்பு-தங்க நிற ஜெர்ஸி மட்டும்தான். ஜெயிச்சா வீட்ல இலிஷ் மீன் குழம்பு. மோகன் பகான் ஜெயிச்சா எதிர்வீட்ல இறால் மணக்கும். மீன் மார்க்கெட் விலையை வெச்சே மேட்ச் ரிசல்ட் சொல்லிடலாம்னு ஒரு ஜோக் உண்டு.

இன்னொரு சுவாரஸ்யம், ஈஸ்ட் பெங்காலுக்குத் தெற்குப் பக்கத்து ஃபார்வர்டுகள் மேல எப்பவுமே ஒரு கண்ணு. 1949-லேர்ந்து 1953 வரைக்கும் அந்த கிளப்போட முன்வரிசையைப் ‘பஞ்ச பாண்டவர்’னு கொண்டாடினாங்க. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. அஞ்சு பேருமே தென்னிந்தியாக்காரங்க! அப்படி ஒரு இடத்துலதான் அம்முகுடா பையன் வந்து நிக்கிறார். பேசுற மொழி புரியாது, சாப்பாட்ல எல்லாத்துலயும் மீன். ஆனா, கால்ல பந்து வந்துட்டா மொழி எதுக்கு?

அந்தக் காலத்துல முன்வரிசையில அஞ்சு ஃபார்வர்டு. ரைட் அவுட், ரைட் இன், சென்டர் ஃபார்வர்ட், லெஃப்ட் இன், லெஃப்ட் அவுட். இதுல எந்த இடத்துல நிறுத்தினாலும் பலராம் ஆடுவார். இதுதான் அவரோட பலம். நான் கொஞ்சம் ஓவரா யோசிக்கிறேனோ என்னவோ, இதுதான் அவரோட கஷ்டமும்னு தோணுது. சுனின்னா லெஃப்ட் இன், பி.கே.ன்னா ரைட் அவுட்னு சட்டுனு ஒரு படம் மனசுல ஒட்டும். பலராம்னா? ‘எங்கே ஆள் இல்லையோ அங்கே.’ எந்த டீம்லயும் இப்படி ஒருத்தன் இருப்பான். உங்க டீம்லயும் இருப்பான், யோசிச்சுப் பாருங்க. குரூப் போட்டோவுல ஓரமா நிப்பான்.

1961-ல ஈஸ்ட் பெங்கால் கேப்டன். அந்த சீசன் கல்கத்தா லீக்ல 23 கோல் அடிச்சு டாப் ஸ்கோரர், டீம் லீக் சாம்பியன். ஈஸ்ட் பெங்காலுக்காக மொத்தம் 104 கோல். 1962-ல அர்ஜுனா விருது.

‘அப்ப செம காசு பார்த்திருப்பாரே’ங்கிறீங்களா? அங்கதான் மேட்டர். அப்போ இந்தியாவுல பேருக்கு எல்லாரும் ‘அமெச்சூர்’. சம்பளம்னு கையெழுத்துப் போட்டு வாங்க முடியாது. சோறு போடுறது வேலைதான். ரயில்வே, போலீஸ், ராணுவம், மில்லு. பி.கே.பானர்ஜியே கடைசி வரைக்கும் பெரிய கிளப் பக்கம் போகாம, ஈஸ்டர்ன் ரயில்வேக்கு ஆடி 1958-ல கல்கத்தா லீக்கை ஜெயிச்சுக் காட்டினவர். அதுக்கப்புறம் மூணு பெரிய கிளப்பைத் தவிர இன்னொரு டீம் அந்த லீக்கை ஜெயிக்க 2019 வரைக்கும் ஆச்சு. பியர்லெஸ் ஜெயிச்சாங்க. 61 வருஷம் பாஸ்!

வெள்ளைக்காரன் ஊர்ல மட்டும் என்ன வாழ்ந்துச்சு? அங்கேயும் ஃபுட்பால் பிளேயர் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு 1961 வரைக்கும் இருந்துச்சு. இங்கிலாந்துக்கே ஆடின டாம் ஃபின்னிக்கு சைடுல பிளம்பர் தொழில். கீழ் டிவிஷன்ல ஆடினவங்க சீசன் முடிஞ்சதும் கட்டட வேலை, கடை வேலைன்னு போயிடுவாங்க. ஜிம்மி ஹில்னு ஒரு பிளேயர் யூனியன் தலைவரா நின்னு, ஸ்டிரைக் பண்ணுவோம்னு மிரட்டித்தான் அந்த வரம்பு உடைஞ்சது. நம்ம ஆட்களுக்கு உடைக்கிறதுக்கு ஒரு வரம்பு கூட இல்லை.

வெலிங்டன் கோல்கீப்பர்!

இந்த இடத்துல மேட்டுப்பாளையம் ரூட்ல ஒரு சின்ன ட்ரிப் போயிட்டு வந்துடலாம். ஊட்டிக்கு பைக்ல போயிருப்பீங்க. குன்னூர் தாண்டினதும் வெலிங்டன் வரும். ராணுவ முகாம், ஒழுங்கா வெட்டின புல்வெளி, ‘போட்டோ எடுக்காதே’ போர்டு. நாமளும் வண்டியை நிறுத்தாம வர்க்கி வாங்கப் போயிடுவோம். அந்த வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் டீம் 1955-லயும் 1958-லயும் டியூராண்ட் கப் ஜெயிச்ச டீம்! நம்ம மலை மேல இருந்து டெல்லிக்குப் போய் இந்தியாவோட பழைய கோப்பையை ரெண்டு தடவை தூக்கிட்டு வந்திருக்காங்க.

அந்த டீமோட கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். அவரும் செகந்திராபாத் பக்கத்துப் பையன்தான். ராணுவத்துல சேர்ந்து வெலிங்டன் வந்தப்போ சென்டர் ஃபார்வர்டு. நல்ல உயரம்ங்கிறதால கோல் கம்பத்துக்கு நடுவுல நிறுத்திட்டாங்க. 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் போன டீம்ல கோல்கீப்பர் தங்கராஜ், முன்வரிசையில பலராம். ஒரே ஊர்ல கிளம்பி, ஒருத்தர் நீலகிரி ஏறி, இன்னொருத்தர் கல்கத்தா போய், ரெண்டு பேரும் ரோம்ல சந்திச்சுக்கிறாங்க. சினிமாவுல வெச்சா ‘லாஜிக் இல்லை’ம்போம்.

ரோம்ல குரூப்பைப் பாருங்க. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. முதல் மேட்ச் ஹங்கேரியோட. அதுல ஆடின ஃப்ளோரியன் ஆல்பர்ட் 1967-ல ஐரோப்பாவோட சிறந்த பிளேயர்னு பட்டம் வாங்கினவர். அந்த டீம்கிட்ட இந்தியா தோத்தது வெறும் 2-1. இந்தியாவோட ஒரே கோல், பலராம் அடிச்சது. ஹங்கேரி அந்த ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கிச்சு. பிரான்ஸோட 1-1 டிரா, பி.கே. கோல். பெருகிட்ட 3-1 தோல்வி. இந்திய ஃபுட்பால் டீம் ஒலிம்பிக்ல கால் வெச்சது அதுதான் கடைசி. 1960-க்கு அப்புறம் இன்னும் போகலை.

ஒரு லட்சம் பேர் கத்தினாங்க!

1962 ஜகார்த்தா. ‘மைதான்’ கிளைமாக்ஸ் இதுதான். ஆனா, நிஜம் படத்தை விட மசாலா! இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்குக் கூப்பிடாததை இந்திய அதிகாரி ஒருத்தர் கண்டிக்கப் போக, இந்தோனேசிய ஜனங்களுக்கு நம்ம மேல செம கடுப்பு. இந்தியா ஆடினாலே கூச்சல். முதல் மேட்ச்லயே தென் கொரியாகிட்ட 2-0 தோல்வி. அப்புறம் தாய்லாந்தை அடிச்சாங்க. ஜப்பானை 2-0னு ஜெயிச்சாங்க. பி.கே. ஒண்ணு, பலராம் ஒண்ணு. செமி ஃபைனல்ல தெற்கு வியட்நாம் 3-2.

டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில அடிபட்டு ஆறு தையல். ரஹீம் என்ன பண்ணினார் தெரியுமா? ரெஸ்ட் எடுன்னு சொல்லலை. ‘நீ முன்னாடி போய் சென்டர் ஃபார்வர்டு ஆடு’ன்னுட்டார்! ஃபைனலுக்கு கோல்கீப்பரையும் மாத்தி, தங்கராஜை இறக்கினார். செப்டம்பர் 4, செனயான் ஸ்டேடியம், மறுபடி தென் கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் எதிர்த்துக் கத்துறாங்க. கேலரியில இந்தியாவுக்குக் கை தட்டின ஒரு சின்னக் கும்பல்ல இருந்தது யாருன்னா, பாகிஸ்தான் ஹாக்கி டீம்! பி.கே. ஒரு கோல், தலையில கட்டோட ஜர்னைல் ஒரு கோல். 2-1. தங்கம்.

ரஹீமுக்கு அப்பவே கேன்சர். 1963 ஜூன்ல போயிட்டார்.

அதே 1963-ல பலராம் ஈஸ்ட் பெங்காலை விட்டு பி.என்.ஆர். ரயில்வே டீமுக்கு மாறினார். அந்த வருஷம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு பி.என்.ஆருக்கு. எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்பத்தான் மூச்சு விட்டா நெஞ்சுல குத்த ஆரம்பிச்சது. ப்ளூரிசி. நுரையீரலைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு. அது வீங்கிட்டா, ஒவ்வொரு தடவை ஆழமா மூச்சு இழுக்கும்போதும் கத்தியால குத்துற மாதிரி வலிக்கும். உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறவர்னா சமாளிச்சிடலாம். லெஃப்ட் லைன்ல தொண்ணூறு நிமிஷம் ஓடுறவர்?

27 வயசுல ஆட்டம் முடிஞ்சது. இன்னும் அஞ்சாறு வருஷம் ஆட வேண்டிய கால்கள், மூச்சு ஒத்துழைக்காததால நின்னு போச்சு.

அப்புச்சி கதை!

இதையெல்லாம் நான் படிச்சுட்டுப் போய்ச் சொன்னப்போ அப்புச்சி கொஞ்ச நேரம் பேசலை. ‘‘நெஞ்சு சளின்னு பேப்பர்ல போட்டிருந்தான்னு ஞாபகம். நான் என்னமோ திரும்பி வந்துருவான்னு நெனச்சுட்டு இருந்தேன் சாமி. அப்பறம் பேரையே காணோம். நானும் நின்னுட்டேன் அப்ப.’’

‘‘நீங்க ஏன் அப்புச்சி நின்னீங்க?’’

‘‘எனக்கென்ன ஒலிம்பிக்கா? பஞ்சு தூசிதான். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஆடுனா இருமல் நிக்காது. டீம்ல இருந்தா பிராக்டீஸ் முடிஞ்சு ஒரு டம்ளர் பாலும் ரெண்டு முட்டையும் குடுப்பாங்க. அதுக்காகவே ரெண்டு வருசம் இழுத்துப் புடிச்சேன். ஒங்கம்மா பொறந்தா. ராத்திரி ஷிஃப்டுக்குப் போனா எட்டணா கூட வரும்னாங்க. போயிட்டேன்.’’

‘‘என்ன பொசிஷன்?’’

கேட்டதும் ஒரு சிரிப்பு. பொக்கை வாய் முழுக்க வெத்தலைச் சிவப்பு. ‘‘லெஃப்ட் அவுட்டு!’’

எனக்கு அந்த நிமிஷம் சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா, நான் ஒரு விஷயத்தை அவர்கிட்ட சொல்லாம மறைச்சிருந்தேன். உங்ககிட்டயும் இவ்வளவு நேரம் சொல்லலை. போன செமஸ்டர் இன்டர்-காலேஜ் செமி ஃபைனல் அன்னைக்கே ஒரு கம்பெனி ஆப்டிடியூட் டெஸ்ட். நான் டெஸ்டுக்குப் போனேன். டீம்ல லெஃப்ட் விங் ஆட ஆளில்லாம ரைட் பேக்கை அங்கே நிறுத்தி, 3-0 தோத்தாங்க. டெஸ்ட்ல நானும் ஃபெயில். ரயில் ரெண்டு எதிரெதிரா வர்ற கணக்குல மாட்டிக்கிட்டேன். பசங்க யாரும் என்னைத் திட்டலை. அதான் ரொம்ப வலிச்சது. அதுக்கப்புறம் கிரவுண்டு பக்கமே போகலை. பூட்ஸ் கட்டிலுக்கடியில பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு.

அப்புச்சிகிட்ட சொன்னேன். ‘‘டெஸ்டுக்குப் போனது தப்பில்லை கண்ணு. நானும் வேலைக்குத்தான் போனேன்’’ன்னார். வெத்தலையைத் துப்பிட்டு வந்து, ‘‘ஆனா உனக்கு இருமல் இல்லியே. அப்பறம் ஏன் போகாம இருக்க?’’ன்னார்.

பதில் இல்லை என்கிட்ட.

உத்தர்பாரா வீடு!

ஆட்டத்துக்கு அப்புறம் பலராம் ஊருக்குத் திரும்பலை. கல்கத்தா பக்கத்துல, ஹூக்ளி ஆத்தோரமா உத்தர்பாராவுல தங்கிட்டார். கல்யாணம் பண்ணிக்கலை. கொஞ்ச காலம் பசங்களுக்குக் கோச்சிங், அப்புறம் தனி வீடு, தனி ஆள். ஈஸ்ட் பெங்கால் கிளப் மேல ஒரு மனக்கசப்பு உள்ளே இருந்துட்டே இருந்துச்சு. தான் செத்தா உடம்பை அங்கே எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு சொல்ற அளவுக்கு! கோபம்னு ஒத்தை வார்த்தையில சொல்லிட முடியலை. 104 கோல் அடிச்ச வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு ஒருத்தர் சொல்றாருன்னா, அந்த வீட்டை எவ்வளவு நேசிச்சிருக்கணும்!

சுனிக்கு 1983-ல பத்மஸ்ரீ. பி.கே.வுக்கு 1990-ல பத்மஸ்ரீ. பலராமுக்குக் கடைசி வரைக்கும் இல்லை. மூணு பேரும் சேர்ந்து ஆடின டீம், சேர்ந்து வாங்கின தங்கம். கணக்கு உதைக்குது இல்ல?

2020 மார்ச்ல பி.கே. போனார். அடுத்த மாசமே சுனி. 2023 பிப்ரவரி 16, பலராம். வயசு 86. அன்னைக்கு நான் பன்னெண்டாவது ரிவிஷன் டெஸ்ட்டுக்கு மண்டையை உடைச்சிட்டு இருந்திருப்பேன். செய்தி என் காதுல விழவே இல்லை. ‘மைதான்’ தியேட்டருக்கு வந்தது அடுத்த வருஷம். அந்த மூணு பேர்ல ஒருத்தர் கூட பார்க்க இல்லை.

எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் வ.உ.சி. பார்க் பக்கம் போய், நேரு ஸ்டேடியம் கேட்டுக்கு வெளியே நின்னேன். இதே ஸ்டேடியத்துல 2019 மார்ச் 9-ந் தேதி சென்னை சிட்டி டீம் மினர்வா பஞ்சாபை 3-1னு ஜெயிச்சு ஐ-லீக் சாம்பியன் ஆச்சு. நம்ம கோயம்புத்தூர் அன்னைக்கு இந்தியாவோட ஃபுட்பால் தலைநகரம்! ரெண்டே வருஷம், 2021-க்கு அப்புறம் அந்த டீமே ஐ-லீக்ல இல்லை. கேட்டுக்கு வெளியே கம்பங்கூழ் விக்கிற அக்காகிட்ட ‘அந்த ஃபைனல் ஞாபகம் இருக்குங்களாக்கா?’ன்னேன். ‘‘இல்லாமயாங் கண்ணு? அன்னைக்கு மூணு பானை தீந்து போச்சு!’’ன்னாங்க.

பூட்ஸை எடுத்துத் தொடைச்சு வெயில்ல வெச்சிருக்கேன். லெஃப்ட் கால்ல சோல் பிரிஞ்சிருக்கு. டவுன்ஹால் பக்கம் பிளாட்ஃபாரத்துல தைக்கிற தாத்தா எம்பது ரூபாய் கேட்டார், அறுபதுக்குப் பேசி முடிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கு பிராக்டீஸ். அப்புச்சியும் வர்றேன்னிருக்கார், பஸ் ஏத்திவிட மாமாவும் ரெடி. டீம்ல லெஃப்ட் விங் இடத்தை இப்போ ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் பிடிச்சுட்டானாம். நல்லா ஆடுறானாம்.

பரவால்ல. எங்கே ஆள் இல்லையோ அங்கே நிக்கிறேன்.